மடிக்கணினிக்கு ரேம் கூட்டுதல்: கடைக்குப் போக முன்னிருந்து மூடி பூட்டும் வரை

2021ஆம் ஆண்டு, பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த நேரம். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்துக்கொண்டிருந்த என் அக்காவின் மகள் ஒரு பின்னேரம் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, சூம் திறந்தா மற்றதெல்லாம் அப்பிடியே நிண்டுடுது. நான் ஒரு கணக்கைப் பார்த்து எழுதுறதுக்குள்ள சேர் அடுத்த கணக்குக்குப் போயிடுறார். ரேம் போட்டாச் சரியாகும் எண்டு எல்லாரும் சொல்லீனம். போட்டுத் தாறீங்களா?"

வெளிநாட்டு அலுவலகம் ஒன்றில் பாவித்துக் கழித்து இங்கே வந்திறங்கிய மெஷின் அது. இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹாட் டிஸ்க். அக்கா சீட்டுக் காசில் வாங்கிக் கொடுத்தது. திரும்ப ஒருமுறை செலவழிக்க அவளிடம் காசு இருக்கவில்லை. ஆகவே போடுகிற காசு பலன் தர வேண்டும் என்ற கவலை எனக்கு இருந்தது. அந்த மெஷினில் நான் சரியாகச் செய்ததையும் பிழையாகச் செய்ததையும் வைத்தே இதைச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

மடிக்கணினியில் ஒரு சாதாரண ஆள் வீட்டிலேயே மாற்றக்கூடிய பாகங்களில் மிகவும் சுலபமானது ரேம்தான். பூட்டுவதற்குப் பத்து நிமிடம் காணும். ஆனால் எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்று தீர்மானிப்பதில்தான் காசு போகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் முக்கால் பங்கு ஸ்க்ரூ ட்ரைவரைத் தொட முன்னர் செய்ய வேண்டியவை.

ரேம் என்ன வேலை பார்க்கிறது

நீங்கள் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் சேமிப்பகத்திலிருந்து, அதாவது ஹாட் டிஸ்க்கிலிருந்தோ சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியிலிருந்தோ, ரேமுக்கு வந்த பிறகுதான் ஓடும். ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒரு துளித் தகவலும், மின்னூட்டம் பிடித்து வைக்கும் மிகச் சிறிய கொள்ளளவி ஒன்றில் இருக்கிறது. அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். இந்த அமைப்பை 1966இல் ஐபிஎம்மில் வேலை பார்த்த ரொபர்ட் டெனார்ட் கண்டுபிடித்தார். 1968இல் காப்புரிமை கிடைத்தது. இன்றுவரை அடிப்படை அதுவேதான். அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் வழக்கமாக 64 மில்லி செக்கனுக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் வாசித்துத் திருப்பி எழுத வேண்டும். கரண்ட் நின்றால் அந்த வேலையும் நிற்கும், உள்ளே இருந்ததும் போய்விடும். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த நாட்களில், பற்றரி செத்த மடிக்கணினியில் சேமிக்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ரேம் நிரம்பினால் என்ன ஆகும்? கணினி அப்போதைக்குத் தேவையில்லாததைத் தூக்கிச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். இங்கேதான் சிக்கல். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ செக்கன் பிடிக்கும். எஸ்எஸ்டிக்கு அதைப்போல் ஆயிரம் மடங்கு, சுழலும் ஹாட் டிஸ்க்குக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. ரேமிலிருந்து எடுப்பதை, மேசையில் இருக்கும் தண்ணீர்க் குவளையை ஒரு செக்கனில் கைநீட்டி எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி என்பது வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் பம்பலப்பிட்டியில் போய் இறங்குகிற நேரம். ஹாட் டிஸ்க் என்பது கோட்டையில் ரயில் ஏறி யாழ்ப்பாணம் போய், இரவு தங்கி, மறுநாள் திரும்பி வருவது. மருமகளின் மெஷின் ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணம் போய் வந்துகொண்டிருந்தது.

குறை ரேமில்தானா என்று பாருங்கள்

நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் ஒன்றாகத் திறந்துகொள்ளுங்கள். சூம், குரோமில் வழக்கமான டேப்கள், வேர்ட், வட்ஸ்அப் எல்லாமே. பிறகு கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்போமன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரி என்பதைத் தட்டுங்கள்.

பெரும்பாலானோர் அங்கே 80 வீதம் என்று கண்டதும் பயந்து கடைக்கு ஓடுகிறார்கள். அந்த வீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். விண்டோஸ் ரேமைச் சும்மா விடாது. இடமிருந்தால் எதையாவது முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும். நிறைய ரேம் உள்ள மெஷினில் கூடுதலாகவும் பிடிக்கும். கீழே 'கமிட்டட்' என்று இரண்டு எண்கள் ஒரு சாய்கோட்டுடன் இருக்கும். புரோகிராம்கள் கேட்டு வாங்கிய மொத்தத்தை முதலாவது எண் காட்டும். அது உங்கள் ரேமின் அளவைவிட நன்றாகக் கூடியிருந்தால் தட்டுப்பாடு உண்மை. கூடவே டிஸ்க் என்பதையும் தட்டிப் பாருங்கள். நீங்கள் ஒன்றும் பதிவிறக்காதபோதே அது 100 வீதத்தில் நின்றால் கணினி ரேமுக்கும் டிஸ்க்குக்கும் இடையே அலைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மருமகளின் மெஷினில் 4 ஜிபி ரேமுக்கு, கமிட்டட் 7 ஜிபியைத் தாண்டி நின்றது. டிஸ்க் 100 வீதம். சந்தேகத்துக்கு இடமில்லை.

கமிட்டட் ரேமுக்குள்ளேயே அடங்குகிறது, மெஷின் மட்டும் மெதுவாக இருக்கிறது என்றால் ரேமில் காசைப் போடாதீர்கள். சுழலும் ஹாட் டிஸ்க் இருந்தால் முதலில் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். திறந்து மூடுவதற்கெல்லாம் தவம் கிடக்கும் பழைய மெஷினில் அதைவிடப் பெரிய மாற்றத்தை வேறெதுவும் தராது. விசிறியில் தூசி அடைந்து சூடேறி வேகம் குறைந்திருக்கவும் கூடும். காலி வீதி ஓரத்து வீடுகளில் ஒரு வருடத்துக்குள் விசிறி வாயில் கறுப்புப் பஞ்சு கட்டிவிடும். அதைத் துடைக்கச் செலவே இல்லை.

உங்கள் மெஷின் கூட்ட இடம் தருமா

அதே மெமரி பக்கத்தின் கீழே 'ஸ்லொட்ஸ் யூஸ்ட்' என்று ஒரு வரி இருக்கும். இரண்டில் ஒன்று என்றிருந்தால் நல்ல காலம், ஒரு ஸ்லொட் காலி. இரண்டும் பாவனையில் இருந்தால் ஏதாவது ஒன்றைக் கழற்றிவிட்டுப் பெரியதைப் போட வேண்டி வரும். 'ஃபோர்ம் ஃபக்டர்' என்ற வரியில் 'எஸ்ஓடிம்' என்றிருந்தால் கழற்றக்கூடிய கார்ட். 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அனேகமாக மதர்போர்டிலேயே சோல்டர் செய்து ஒட்டிய ரேம்.

ஆனால் இந்த வரிகள் சில மெஷின்களில் பிழையாகவும் காட்டும். உறுதிப்படுத்த, மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முழு மொடல் எண்ணைக் குறித்து, அந்தக் கம்பனியின் இணையத்தளத்தில் அதன் சேர்விஸ் மனுவலை இறக்கிப் பாருங்கள். எச்பி, டெல், லெனோவோ மூன்றும் இவற்றை இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே, ரேம் எந்த மூலையில், அதிகபட்சம் எவ்வளவு என்று படத்தோடு இருக்கும். முழு மொடல் எண் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே பெயரில் வரும் இரண்டு மெஷின்களில் ஒன்றில் ஸ்லொட் இருக்கும், மற்றதில் இருக்காது.

ஸ்லொட்டே இல்லாதவை நிறைய உண்டு. அப்பிளின் எம்1இலிருந்து வந்த எந்த மக்புக்கிலும் ரேமைக் கூட்ட வழியில்லை. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் எல்பிடிடிஆர் என்ற வகை ரேம் ஒட்டியே வருகிறது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும், பற்றரி கூட நேரம் நிற்கும், ஆனால் வாங்கிய அன்று இருந்த அளவுதான் கடைசி வரை. இந்த எல்பிடிடிஆரையே கழற்றிப் பூட்டக்கூடிய பலகையாக்கும் எல்பிகம்2 என்ற அமைப்பு 2024இலிருந்து சில மெஷின்களில் வரத் தொடங்கியிருக்கிறது. நல்ல விஷயம், ஆனால் வீட்டுப் பாவனைக்கு வாங்கும் மெஷினில் அதை எதிர்பார்த்திருக்க வேண்டாம். புதிதாக வாங்கப் போகிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: ஒட்டிய ரேம் என்றால் முதலிலேயே 16 ஜிபியாக வாங்குங்கள். 8 ஜிபியோடு வாங்கிவிட்டு மூன்றாம் வருடம் வருந்துகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இடைப்பட்ட வகையும் இருக்கிறது. 4 அல்லது 8 ஜிபி ஒட்டியிருக்கும், கூடவே ஒரு ஸ்லொட். அதிகபட்சம் 12 அல்லது 20 ஜிபி என்று விசித்திரமான எண்களைக் கண்டால் அது இந்த வகைதான். 20 என்பது ஒட்டிய 4உம் ஸ்லொட்டில் 16உம்.

எந்த வகை: இங்கேதான் நான் பிழைவிட்டேன்

மடிக்கணினி ரேம் கார்ட், மேசைக் கணினியின் கார்டில் அரைவாசி நீளம். அதன் பெயர் எஸ்ஓடிம். டிடிஆர் என்ற இந்த ரேம் வகையின் தலைமுறைகள் ஒன்றுக்கொன்று சேராது. டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. தங்க நிற விளிம்பில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் பிழையான தலைமுறையை உள்ளே செருகவே முடியாது. செருகப் போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், கார்ட்தான் பிழை.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. டிடிஆர்3க்குள்ளேயே இரண்டு வகை. சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும். டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். இரண்டுக்கும் வெட்டு ஒரே இடத்தில். இன்டெல் 4ஆம் தலைமுறை மடிக்கணினிகள் 1.35 வோல்ட்டைத்தான் கேட்கும். நான் கடையில் போய் "டிடிஆர்3 லப்டொப் ரேம், 4 ஜிபி" என்று மட்டும் கேட்டேன். தந்தார்கள், வாங்கி வந்து பூட்டினேன். செருகல் கச்சிதமாக இருந்தது. பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. மருமகள் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிய கார்டைக் கழற்றி அதன் ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்தேன். பிசி3 என்றிருந்தது. பழைய கார்டில் பிசி3எல். அந்த ஒரு 'எல்' என்ற எழுத்தை நான் கேட்கவும் இல்லை, அவர்கள் பார்க்கவும் இல்லை. மறுநாள் பில்லோடு கொண்டுபோய் வாக்குவாதப்பட்டுத்தான் மாற்ற வேண்டி வந்தது.

ஆகவே கார்டின் ஸ்டிக்கரை வாசிக்கப் பழகுங்கள். '8ஜிபி 1ஆர்×8 பிசி4-3200ஏஏ' என்பது போல ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். 8ஜிபி அளவு. 1ஆர்×8 என்பது சிப்கள் அடுக்கப்பட்ட விதம். பிசி4 என்றால் டிடிஆர்4. 3200 வேகம். பழைய கார்ட்களில் வேகத்துக்குப் பதிலாக 12800, 25600 போன்ற பெரிய எண் இருக்கும். பயப்பட வேண்டியதில்லை. அது ஒரு செக்கனில் கடத்தக்கூடிய மெகாபைட். எட்டால் வகுத்தால் வேகம் வரும்: 12800 என்பது 1600, 25600 என்பது 3200.

கார்டைக் கழற்றாமலே தெரிந்துகொள்ள சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் உதவும். அதில் எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லொட்டிலும் உள்ள கார்டின் வகை, அளவு, தயாரிப்பாளர், பகுதி எண் எல்லாம் வரும். லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு டிஎம்ஐடிகோட் கட்டளை அதே வேலையைச் செய்யும்.

வேகத்தைப் பற்றி அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். டிடிஆர்4இல் 3200 கார்டை 2400 மட்டுமே தாங்கும் மெஷினில் போட்டால் அது 2400இல் இறங்கி ஓடும். இரண்டு கார்ட்கள் வெவ்வேறு வேகத்தில் இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கும். 2666க்கும் 3200க்கும் உள்ள வித்தியாசத்தை வேர்டிலோ சூமிலோ உங்களால் உணரவே முடியாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதைவிட அளவைக் கூட்டுங்கள்.

ஒன்றா இரண்டா என்பது அதைவிட முக்கியம். 16 ஜிபி ஒரே கார்டைவிட 8 ஜிபி இரண்டு கார்ட் வேகமானது. புரசஸருக்கு ரேமை அடைய இரண்டு பாதைகள் உண்டு. ஒரு கார்ட் மட்டும் இருந்தால் ஒரு பாதை சும்மா கிடக்கும். டிடிஆர்4 3200இல் ஒரு பாதையில் செக்கனுக்கு 25.6 ஜிகாபைட், இரண்டிலும் சேர்த்து 51.2. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷின்களில் படம் காட்டும் வேலையும் இதே ரேமில் நடப்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், முக்கியமாக கேம் விளையாடுகிறவர்களுக்கும் வீடியோ வெட்டுகிறவர்களுக்கும். இருக்கும் 4 ஜிபியோடு 8 ஜிபியைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். பெரும்பாலான மெஷின்களில் முதல் 8 ஜிபி இரண்டு பாதையிலும், மிச்ச 4 ஜிபி ஒரு பாதையிலும் ஓடும்.

எவ்வளவு காணும்

இணையம், வகுப்பு, வேர்ட், எக்செல் என்றால் 8 ஜிபியில் சமாளிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. நிரலாக்கம் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் 16. வீடியோ எடிட்டிங், பெரிய வடிவமைப்பு வேலை என்றால் 32. விண்டோஸ் 32-பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் பயனில்லை, முதலில் 64-பிட் ஆக மாற்ற வேண்டும்.

பழைய மெஷின்களுக்கு ஒரு எல்லை இருக்கிறது. இன்டெல் 4ஆம் தலைமுறையில் ஒரு ஸ்லொட்டுக்கு 8 ஜிபிக்கு மேல் ஏற்காது. அத்தோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெலில் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றில், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அப்படியான மெஷினில் இன்று நிறையக் காசு கொட்டுவதை நான் தடுப்பேன். 8 ஜிபியாக்கி, ஒரு எஸ்எஸ்டியைப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றினால் இன்னும் சில வருடம் படிப்புக்கு ஓடும். அதற்கு மேல் வேண்டாம்.

வாங்கப் போகும்போது

பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாசா மாடி மாடியாகக் கணினிக் கடைகள். ஒரே நாளில் நான்கைந்து கடையில் விலை கேட்டுவிடலாம் என்பதுதான் அந்த இடத்தின் பலம். விலை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் வாசிக்கும்போது பிழையாகிவிடும். 2025இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது. உலகின் ரேம் சிப்களில் பெரும்பங்கைச் செய்பவை சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று கம்பனிகள் மட்டுமே என்பதால் அங்கே ஒரு திருப்பம் நடந்தால் பம்பலப்பிட்டிக் கடை வரை தெரியும். எங்களுக்கு அதன் மேல் டொலர் விலையும் 18 வீத வட் வரியும். சொல்லும் விலையில் வட் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

"ரேம் ஒன்று தாங்கோ" என்று கேட்க வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: "அண்ணை, லப்டொப்புக்கு டிடிஆர்4, 8 ஜிபி, 3200, எஸ்ஓடிம். வொரன்டி எத்தினை வருஷம்? என்ர மெஷின்ல போட்டுப் பார்த்திட்டுக் காசு தரலாமோ?" மெஷினைக் கையோடு கொண்டு போங்கள். போட்டுக் காட்ட மறுக்காத கடையில் வாங்குங்கள். பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் ஸ்டிக்கரில் போலிகளும் வருவதால், பூட்டிய பிறகு சிபியு-இசட்டில் காட்டும் பெயரும் அளவும் ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். பில்லில் கார்டின் தொடர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். மாற்றிக் கேட்கும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

பாவித்த ரேம் வாங்கலாமா? வாங்கலாம். பற்றரியைப் போலவோ ஹாட் டிஸ்க்கைப் போலவோ அது பாவிக்கப் பாவிக்கத் தேய்வதில்லை. ஓரங்கள் உடையாமல், பொன் விளிம்பில் பச்சை படியாமல் இருக்க வேண்டும். ஒரு வாரமாவது திருப்பிக் கொடுக்கும் உறுதி வேண்டும், அந்த ஒரு வாரத்துக்குள் கீழே சொல்லும் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

மெஷின் இன்னும் வொரன்டியில் இருந்தால் அடிமூடியைக் கழற்ற முன் விற்றவரிடம் கேளுங்கள். ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைக் கிழித்தால் சிலர் வொரன்டி இல்லை என்பார்கள். அப்படியென்றால் அவர்களையே பூட்டச் சொல்வது நல்லது.

பூட்டுதல்

முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11 மெஷின்களில் பிட்லொக்கர் என்ற மறைகுறியாக்கத்தால் டிஸ்க் பூட்டிடப்பட்டிருக்கக் கூடும். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய் பிட்லொக்கர் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேம் மாற்றினால் பொதுவாக அது கேட்காது. ஆனால் பயோஸுக்குள், அதாவது மெஷின் தொடங்கும்போது விண்டோஸுக்கு முன் ஓடும் அமைப்புக்குள், எதையாவது மாற்றினால் கேட்கலாம். அந்த நேரத்தில் சாவி கையில் இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளை நீங்களே திறக்க முடியாமல் போகும்.

அடுத்து, ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சும்மா கொடுத்தால் விண்டோஸ் அரைகுறையாகத்தான் அணையும். சார்ஜரையும் யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றுங்கள். எஸ்டி கார்ட் வாயில் பிளாஸ்டிக் அட்டை இருந்தால் அதையும் எடுங்கள். அதை மறந்து மூடியை இழுத்து வாயை உடைத்தவர்கள் உண்டு.

மெத்தை விரித்த கட்டிலில் வேண்டாம், மேசையில் ஒரு பருத்தித் துணி விரித்து மெஷினைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு தாளில் மெஷினின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே தாளில் ஒட்டி வையுங்கள். பிணைச்சல் பக்கம் நீளமானவையும் முன்பக்கம் குட்டையானவையும் இருப்பது வழக்கம். நீளமானதைக் குட்டை இருந்த துளையில் முறுக்கினால் அது விசைப்பலகைப் பக்கம் வரை துளைத்துவிடும். ஸ்க்ரூ ட்ரைவர் தலை துளைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். அனேகமானவற்றுக்கு பிஎச்0 அளவு நட்சத்திரத் தலை (கூட்டல் குறி வடிவம்) காணும். எல்லா ஸ்க்ரூவும் கழன்றும் மூடி வராவிட்டால் ரப்பர் காலின் அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றில் ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருப்பதும் உண்டு. அப்போது தலையை நன்றாக மேலிருந்து அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். வழுக்க வழுக்கத் திருப்பினால் தலை வழித்துப் போய் பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மூடியைப் பிரிக்கக் கத்தி, இரும்பு எதுவும் வேண்டாம். சிம் கார்ட் வந்த பிளாஸ்டிக் அட்டை போதும். ஒரு மூலையில் நுழைத்து ஓரமாக ஓட்டினால் கிளிப்கள் ஒவ்வொன்றாக 'டிக் டிக்' என்று விடும்.

திறந்ததும் முதலில் பற்றரியின் வயர் செருகியை மதர்போர்டிலிருந்து எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் செருகியின் ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். திங்க்பேட் போன்ற சிலவற்றில் பயோஸிலேயே உள்பற்றரியை நிறுத்தும் தெரிவு இருக்கிறது. பிறகு பவர் பட்டனைப் பதினைந்து செக்கன் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தைப் போக விடுங்கள்.

நிலைமின்னைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பின் ஈரக் காற்றில் அது குளிர் நாடுகளைப் போல அவ்வளவு சேராது. ஆனால் ஏசி போட்டு, காபட் விரித்த அலுவலக அறையில் சேரும். ஜன்னல் கம்பியையோ தண்ணீர்க் குழாயின் உலோகப் பகுதியையோ தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய எதிரி வியர்வை. வியர்வைக் கையால் பொன் விளிம்பைத் தொட்டால் உப்புப் படிந்து காலப்போக்கில் அரிக்கும். கையைக் கழுவித் துடைத்து, கார்டின் பக்க ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.

ரேம் ஸ்லொட் சில மெஷின்களில் ஒரு உலோகத் தகட்டின் அல்லது கறுப்புப் படலத்தின் கீழே மறைந்திருக்கும். கார்டின் இரு பக்கமும் உள்ள உலோகக் கைகளை இரண்டு விரல்களால் வெளிப்பக்கம் விரித்தால் கார்ட் தானாக மேலே எழும்பும். எழும்பிய அதே சாய்வில் வெளியே இழுங்கள். புதியதை வெட்டு பொருந்தும்படி ஏறத்தாழ 30 பாகை சாய்வில் நுழைத்து, பொன் விளிம்பு அனேகமாக முழுவதும் மறையும் வரை உறுதியாகத் தள்ளுங்கள். பூட்டுவதில் நடக்கும் பெரும்பாலான பிழைகள் இங்கேதான்: பாதி நுழைந்ததோடு கீழே அமுக்கிவிடுவார்கள். முழுதாகப் போன பிறகு கீழே அமுக்கினால் இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

பற்றரியைச் செருகி, ஸ்க்ரூ எதையும் பூட்டாமல் மூடியை மட்டும் வைத்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

திரை வராவிட்டால்

உடனே அணைக்காதீர்கள். புதிய ரேமைக் கண்டதும் மெஷின் அதைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். டிடிஆர்5இல் சில நிமிடங்கள்கூடக் கறுப்புத் திரையோடு நிற்கலாம். சார்ஜரைச் செருகிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் பற்றரியைத் திரும்பக் கழற்றி, கார்டை எடுத்து மறுபடி செருகுங்கள். பெரும்பாலும் அத்தோடு சரியாகும். இல்லையென்றால் பழையதை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு புதியதை மட்டும், பிறகு ஸ்லொட்டை மாற்றி. நான்கு முறை மாற்றிப் போட்டால் குறை கார்டிலா, ஸ்லொட்டிலா, இரண்டு கார்டும் ஒத்துப்போகாததிலா என்று தெளிவாகிவிடும்.

அழிரப்பரால் பொன் விளிம்பைத் தேய்ப்பது இங்கே பரவலான கைவைத்தியம். பலன் கிடைப்பது உண்மை, ஆனால் அந்தப் பொன் பூச்சு மிக மெல்லியது, தேய்ப்பில் போகும், துகள் ஸ்லொட்டுக்குள் விழும். ஐசோபுரொப்பில் அல்கஹோலை நூல் விடாத துணியில் நனைத்துத் துடைப்பதையே நான் செய்கிறேன்.

சோதித்து முடியுங்கள்

டாஸ்க் மனேஜரில் புதிய மொத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். 16 போட்டும் 14 சொச்சம் என்று காட்டினால் பதற வேண்டாம். 'ஹாட்வெயார் ரிசேர்வ்ட்' என்ற வரியில் மிச்சம் இருக்கும். கிராஃபிக்ஸ் வேலைக்காக அது ஒதுக்கப்பட்டது, ஏஎம்டியின் ரைசன் புரசஸர் உள்ள மெஷின்களில் 2 ஜிபி வரை இப்படிப் போவது சாதாரணம்.

மெஷின் ஓடுகிறது என்பதற்காக ரேம் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. ஒரு மூலையில் ஒரு பிட் பழுதாக இருந்தால் அது வாரத்துக்கு ஒருமுறை நீலத் திரையாக வரும், அல்லது சேமித்த கோப்பு ஒன்றைச் சத்தமில்லாமல் கெடுக்கும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவசப் புரோகிராமை யுஎஸ்பியில் ஏற்றி, இரவு படுக்கும்போது ஓட விட்டுவிடுங்கள். காலையில் ஒரு பிழைகூட இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு பரவாயில்லை என்ற கணக்கு இதில் கிடையாது. ஒரு சிவப்பு வரி வந்தாலும் அதைப் படமெடுத்துப் பில்லோடு கடைக்குக் கொண்டு போங்கள். சிறிய எஸ்எஸ்டி உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவதுதான் ஹைபர்னேட். அதற்கான கோப்பு வழக்கமாக ரேமின் 40 வீத அளவு இடம் பிடிக்கும். ரேம் கூடினால் அதுவும் கூடும். ஹைபர்னேட் பாவிக்காதவர்கள் அதை நிறுத்தி இடத்தை மீட்டுக்கொள்ளலாம்.

கழற்றிய பழைய கார்டைப் புதியது வந்த பொதியிலேயே போட்டு, மெஷினின் வொரன்டி முடியும் வரை வைத்திருங்கள். திருத்தக் கொடுக்கும்போது பழைய கார்டோடு கொடுப்பது நல்லது, புதியது காணாமல் போகாது. வொரன்டி முடிந்த பிறகு அதே வகை மெஷின் வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். ஒரு 4 ஜிபி டிடிஆர்4 கார்ட் இன்னும் ஒரு பிள்ளையின் மெஷினை 8 ஜிபியாக்கும்.

மருமகளின் மெஷினுக்குச் சரியான டிடிஆர்3எல் கார்ட் போய், ஒரு வாரம் கழித்து எஸ்எஸ்டியும் போனது. அடிமூடியின் உள்பக்கத்தில் ஒரு சிறு தாளை ஒட்டினேன்: '4 + 4 ஜிபி, டிடிஆர்3எல் 1600, 1.35 வோல்ட், 2021'. அவள் பல்கலைக்கழகம் போன பிறகு அந்த மெஷின் இப்போது அவள் தம்பியிடம். போன மாதம் விசிறி துடைக்க அவனே மூடியைக் கழற்றியிருக்கிறான். "மாமா, உள்ள உங்கட கையெழுத்து கிடக்கு," என்று படம் எடுத்து அனுப்பியிருந்தான்.